பம்ப்செட் கொட்டகையில் இரண்டு மாப்பிள்ளைகள்

"ஹலோ, மாப்பிள்ளை வீடுங்களா?"

அல்லி ஏணியின் உச்சிப் படியில் நின்றுகொண்டிருந்தாள். பல்லில் ஒரு கயிற்றைக் கடித்திருந்தாள். போன் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கப்பட்டிருந்தது. கயிற்றைத் துப்பிவிட்டுத்தான் பேச முடிந்தது.

"ராங் நம்பருங்க."

"ராங் நம்பரா? பேனரப் பாத்துட்டுத்தானே அடிக்கிறேன். எதுத்தாப்ல டீக்கடையிலதான் நிக்கிறேன். ஏணியில நிக்கிறது நீங்கதானே?"

அல்லி மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம், கையில் டீ கிளாசோடு ஒருவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு, மறு கையால் பவ்யமாக ஒரு கும்பிடு போட்டார்.

"எங்க பொண்ணு நர்சிங் முடிச்சிருக்குங்க. அந்த ரெண்டு தம்பியில மூத்தவரு எந்தப் பக்கம் நிக்கிறாரு?"

அல்லி இணைப்பைத் துண்டித்துவிட்டு, கழுத்தை வளைத்துப் பேனரின் கீழ் மூலையைப் பார்த்தாள். 'தொடர்புக்கு' என்று போட்டு அவளுடைய கைபேசி எண் எலுமிச்சம்பழம் பருமனில் உட்கார்ந்திருந்தது. அவள் அதைப் போடச் சொல்லவே இல்லை. உடனே காரைக்காலில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கும் சஃபியுல்லாவைக் கூப்பிட்டாள்.

"என்ன தங்கச்சி, கலர் எப்படி? கண்ணப் பறிக்குதா?"

"நம்பர யாருண்ணே போடச் சொன்னது?"

"நம்பர் இல்லாம ஒரு பேனரா? கருமாதி பேனரக்கூட நம்பர் போட்டுத்தான் அனுப்பியிருக்கேன் நானு."

"கூப்புடுறாங்கண்ணே!"

"அதுக்குத்தானேம்மா போடுறது?"

அல்லி போனை வைத்துவிட்டாள்.

பேனரில் என்னதான் இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு பையன்கள். இரண்டு பேரும் வெயில் என்ற ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை என்பதுபோல் இருப்பார்கள். முதுகுக்குப் பின்னால் ஈஃபில் கோபுரம். தலைக்கு மேலே 'அனன் – சுரியா' என்று பெயர்கள். காலுக்குக் கீழே 'என்றென்றும் இணைந்திருக்க வாழ்த்துகிறோம் – காரைக்கால்.' அவ்வளவுதான். இவர்கள் 'எதிர்வீட்டு மழை' என்கிற தாய்லாந்துத் தொடரின் நாயகர்கள் என்றோ, அந்தத் தொடரில் ஒருவரையொருவர் உயிருக்கு உயிராகக் காதலிக்கிறார்கள் என்றோ எங்கேயும் எழுதவில்லை. அப்பா தினமும் மோட்டார் போட வருகிற கொட்டகைச் சுவரில் அதை எழுத அல்லிக்கு தைரியம் போதவில்லை.

இரண்டு பையன்கள் காதலிக்கிற இந்த மாதிரிக் கதைகளுக்கு உலகம் பூராவும் பி.எல். என்று பெயர். ஜப்பானில் முளைத்தது, தாய்லாந்தில் போய்த் தழைத்தது. இப்போது மெக்சிகோவில் பஸ் ஓட்டுகிற அம்மாள்கூட வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு மூக்கைச் சிந்தி அழுகிறாள். இந்தத் தொடர்களில் எல்லாப் பையன்களும் எஞ்சினியரிங் படிப்பார்கள். ஒருவன் புத்தகத்தைத் திறந்து யாரும் பார்த்ததில்லை. அல்லி காரைக்காலில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வரவேற்பில் உட்காருகிறவள். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் பார்க்க ஆரம்பித்து, இறங்க வேண்டிய நெடுங்காடு ஸ்டாப்பைத் தவறவிட்டு அம்பகரத்தூர் வரைக்கும் போய்த் திரும்பிய கதையெல்லாம் உண்டு. 'எதிர்வீட்டு மழை'யின் உலக ரசிகர் குழுவில் காரைக்கால் கிளைக்குத் தலைவி, செயலாளர், பொருளாளர், உறுப்பினர் எல்லாமே அவள்தான்.

இப்போது அந்தக் குழுவின் வயிற்றில் தயாரிப்புக் கம்பெனி இடியை இறக்கியிருந்தது. அனனும் சுரியாவும் இனி சேர்ந்து நடிக்க மாட்டார்களாம். ஆளுக்கொரு புது ஜோடியாம். ரசிகர்கள் தவம் கிடந்த இரண்டாவது சீசன் சந்தேகம்தானாம். விடுவார்களா? குழுவை நடத்துகிற மணிலா அக்கா உலகம் பூராவுக்கும் உத்தரவு போட்டாள். இந்த ஞாயிறு சாயங்காலத்துக்குள் ஊருக்கு ஒரு படம் வர வேண்டும். பொது இடத்தில் பேனர் இருக்க வேண்டும், அதன் கீழே பத்துப் பேராவது நிற்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே வீடியோவாகக் கோத்து, கம்பெனி வாசலிலேயே பெரிய திரையில் ஓட்டப்போகிறார்கள்.

போன வருடம் அனனின் பிறந்தநாளுக்கும் இப்படி ஒரு வீடியோ போட்டார்கள். அதற்கு அல்லி மொட்டை மாடியில் தன்னந்தனியாக நின்று எடுத்தனுப்பிய படத்தை மணிலா அக்கா திருப்பி அனுப்பிவிட்டாள். 'தங்கையே, ஓர் ஆள் ஒரு கிளை ஆகாது.' அந்த ஒரு வரி அல்லியை ஒரு வருடமாக அரித்துக்கொண்டிருந்தது. ஜகார்த்தா இருக்கிறது, ஒசாகா இருக்கிறது, பெயர் வாயில் நுழையாத பிரேசில் ஊரெல்லாம் இருக்கிறது, காரைக்கால் மட்டும் இல்லை. இந்தத் தடவை தலைகீழாக நின்றாவது காரைக்காலை அதில் சேர்த்தே தீருவது என்று முடிவு கட்டியிருந்தாள். ரோட்டோரம் கட்டினால் எடுத்துவிடுவார்கள். சொந்தக் கொட்டகை என்றால் ஒருவரும் கேட்க முடியாது, ரோடும் எதிரிலேயே இருக்கிறது. பத்துப் பேருக்கு எதிர் டீக்கடை. ஆளுக்கொரு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தால் நிற்க மாட்டார்களா என்ன? கணக்கெல்லாம் சரியாகத்தான் இருந்தது, சஃபியுல்லா அண்ணன் அந்த நம்பரைப் போடாத வரைக்கும்.

அவள் வீட்டுக்கு ஓடி, மைதா மாவைக் கிண்டி, பழைய பேப்பரைக் கிழித்து வந்து நம்பர் மேல் ஒட்டினாள். பிரச்சினை தீர்ந்தது என்று ஏணியை விட்டு இறங்கினாள்.

டீக்கடையில் பேச்சு வேறு மாதிரி போனது.

"நம்பர மறைக்கிறாங்க பாத்தியா? வெளியாளுங்க வேணாமாம். உள்ளூருக்குள்ளயே முடிக்கப் பாக்குறாங்க."

"பின்ன? பிரான்ஸ் பார்ட்டின்னா சும்மாவா?"

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. ஈஃபில் கோபுரம் மற்ற ஊர்களில் வெறும் கோபுரம். காரைக்கால் பக்கத்தில் அது பாஸ்போர்ட். பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த சொல்தா வீடுகளில் பாதிப் பேர் இன்றைக்கு அங்கேதான் இருக்கிறார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையோடு ஒரு பையன் லீவில் வந்து இறங்கினான் என்றால், அவன் பெட்டியைப் பிரிப்பதற்குள் நாலு ஜாதகம் வந்துவிடும். இங்கேயோ இரண்டு பையன்கள். நல்ல நிறம். பெயரும் நம் பெயர் மாதிரிதான் இருக்கிறது. கீழே தொடர்புக்கு நம்பர் வேறு. இதற்கு மேல் ஒரு ஊருக்கு என்ன அத்தாட்சி வேண்டும்?

வாய்க்காலில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்துவிட்டு, தோளில் மண்வெட்டியோடு அப்பா தியாகராசன் வந்து சேர்ந்தார். கூடவே அம்மா தாமரைச்செல்வி, கையில் சாப்பாட்டுத் தூக்கோடு. இருவரும் பேனருக்கு எதிரில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள்.

"யாரு பாப்பா இதுங்க?"

"தெரிஞ்சவங்கப்பா. ஒரு வாழ்த்துக்காகக் கட்டியிருக்கேன். நாளைக்கு அவுத்துடுறேன்."

"டீக்கடையில பிரான்ஸ்ங்கறானுவளே?"

உண்மை அல்லியின் தொண்டை வரைக்கும் வந்தது. அப்பாவின் தோளில் இருந்த மண்வெட்டியைப் பார்த்ததும் திரும்பி உள்ளே போய்விட்டது.

"ஆமாம்ப்பா. அந்தப் பக்கந்தான்."

அம்மா மட்டும் கண்ணை இடுக்கிக்கொண்டு இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் புள்ள ஏன் நேரா பாக்காம, அவன் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நிக்கிது?"

"அண்ணன் தம்பி பாசம்" என்றார் அப்பா. "அதான் கீழ எழுதியிருக்குல்ல, ஒத்துமையா இருக்கணும்னு."

"அதெல்லாம் இருக்கட்டும். வீட்டுல ஒரு பொண்ண வெச்சுக்கிட்டு ஊருக்கு மாப்பிள்ள காட்டுறாளே, இவள என்னன்னு சொல்றது? ஏண்டி, அதுல ஒண்ணு ஒனக்கு ஆவாதா?"

"ஐயோ அம்மா! அவங்க எனக்கு அண்ணன் மாதிரி."

இதோடு பேச்சு முடிந்தது என்று அல்லி நிம்மதியாக மூச்சு விட்டாள். அப்பாவும் ஒரு பெருமூச்சு விட்டார். அவருடைய மூச்சுக்கு அர்த்தம் வேறு. நம் வீட்டுக்கு இல்லை என்று ஆகிவிட்டது, அக்கா பெண்ணுக்காவது ஆகட்டும். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

திருமலைராயன்பட்டினத்திலிருந்து அத்தை கல்யாணசுந்தரி வந்து இறங்கியபோது தூக்கில் இருந்த சோறு இன்னும் ஆறியிருக்கவில்லை. ஸ்கூட்டரின் பின்னால் மகள் இளவேனில், காற்றில் பறந்த தலைமுடியோடு, எதற்கு வந்தோம் என்று தெரியாத முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். அத்தையின் கைப்பையில் ஜாதகம் நாலு நகல். எந்த நேரமும் நாலு நகல் இருக்கும்.

"அல்லி, சுத்தி வளைச்சுப் பேச நேரமில்ல. யாரு மூத்தவன்?"

"அத்த, அவங்க..."

"வயசு?"

அல்லிக்குப் பிடித்த கேள்வியைக் கேட்டுவிட்டாள் அத்தை. ரசிகை என்றால் சும்மாவா? நடுராத்திரியில் உலுக்கி எழுப்பினாலும் சொல்வாள்.

"அனனுக்கு இருபத்தேழு, சுரியாவுக்கு இருபத்தஞ்சு. அனன் பொறந்தது விடிகாலை. சுரியா புதன்கிழமை மத்தியானம், நல்ல மழையில. அனன் ஓ பாசிட்டிவ். சுரியாவுக்கு எறா ஆவாது, தின்னா ஒடம்பெல்லாம் தடிச்சுடும். அனன் தூங்கறப்ப ஒரு கால்ல மட்டும் சாக்ஸ் போட்டுக்குவாரு."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"தூங்கறப்ப போடற சாக்ஸ் ஒனக்கெப்படிடி தெரியும்?" என்றாள் அம்மா.

"பேட்டியில சொன்னாரும்மா."

"பேட்டியா!" அத்தை தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பேட்டி எடுக்கிற அளவுக்குப் பெரிய எடமாடா தியாகு? எறாவ நம்ம வீட்டுல நிறுத்திட்டாப் போச்சு. இளவேனிலு, இனிமே ஒனக்கும் எறா கெடையாது."

"நான் என்னம்மா பண்ணேன்?" என்றாள் இளவேனில்.

இதற்கு ஒரு முட்டுக்கட்டை போட்டாக வேண்டும். அல்லி நல்ல யோசனை என்று நினைத்துத்தான் சொன்னாள்:

"அத்த, அவங்க வீட்டுல ஜாதகம் ரொம்பப் பாப்பாங்க. பத்துப் பொருத்தமும் இருந்தாத்தான் மேல பேசவே செய்வாங்க."

ஜாதகம் பார்க்க இரண்டு நாளாவது ஆகும், அதற்குள் பேனரும் இருக்காது, பேச்சும் இருக்காது என்பது அவள் கணக்கு. ஆனால் சிதம்பரநாதன் ஜோசியர் வீடு அடுத்த தெருவில்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் எங்கேயும் நகர மாட்டார். அத்தை அல்லியிடமே பிறந்த தேதிகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரை உதைத்தாள். போகிற வழியில் டீக்கடையில் ஒரு நிமிடம் நின்றதுதான் வினை. "ஜோசியர் வீட்டுக்குத்தான் போறேன். பொருந்தினாத்தான் பேசுவாங்களாம்" என்று பெருமை அடித்துவிட்டுப் போனாள்.

மத்தியானத்துக்குள் கொட்டகை வாசலில் திருவிழா கூடிவிட்டது. நெடுங்காட்டிலிருந்தும் சுற்றுப்பட்டிலிருந்தும் பெண்ணைப் பெற்றவர்கள் வந்து குவிந்தார்கள். ஒருத்தி அல்லிக்குப் பனங்கிழங்கு கொண்டுவந்து கொடுத்தாள். இன்னொருத்தி அப்பாவிடம், "வாய்க்காத் தண்ணி ஒங்க வயலுக்கு மொதல்ல விடச் சொல்றேங்க" என்று ரகசியமாகச் சொன்னாள். மூன்று வருடமாக மடைக்குச் சண்டை போட்ட வீட்டுக்காரி அவள். அப்பா ஆடிப்போய்விட்டார். நர்சிங் பெண்ணின் அப்பா மட்டும் காலையிலிருந்தே டீக்கடையைவிட்டு நகரவில்லை.

கூட்டத்தைப் பார்த்ததும் அல்லிக்குத் தலையில் பல்பு எரிந்தது. பத்துப் பேர் என்ன, முப்பது பேர் இருந்தார்கள்! ஒரு படம். ஒரே ஒரு படம் எடுத்துவிட்டால் போதும், அப்புறம் ஊர் என்ன சொன்னால் என்ன?

"எல்லாரும் கொஞ்சம் பேனருக்குக் கீழ வந்து நில்லுங்க. ஒரு ஃபோட்டோ."

"ஃபோட்டோ எதுக்கும்மா?"

"அங்க அனுப்பறதுக்கு."

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் 'அங்க' என்ற உடனே கூட்டம் கலைந்தது. மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிற படத்தில் யார் நைட்டியோடு நிற்பார்கள்? "இரும்மா, புடவை மாத்திட்டு வந்துர்றேன்." "எம்பொண்ணக் கூட்டியாந்துர்றேன், அவ இல்லாம எப்படி?" ஐந்து நிமிடத்தில் வாசலில் பனங்கிழங்கும் அல்லியும்தான் மிச்சம்.

போனவர்கள் வீட்டுக்கு மட்டும் போகவில்லை. போகிற வழியில் ஜோசியர் வீட்டிலும் நுழைந்தார்கள். அங்கே நுழைந்தவர் எவரும் திரும்பிக் கொட்டகைப் பக்கம் வரவில்லை. பட்டுப்புடவை கட்டிய ஒருத்தி சைக்கிளில் போகிறபோக்கில் கத்திவிட்டுப் போனாள்: "பொருந்தலையாம்! ஒங்க பிரான்ச நீங்களே வெச்சுக்குங்க!"

அடுத்து வந்த அத்தையின் முகம் மிளகாய் வற்றல் மாதிரி சுருங்கியிருந்தது.

"மூத்தவனுக்குப் பாத்தேன், பொருந்தல. சரின்னு சின்னவனுக்குக் குடுத்தேன், அதுவும் பொருந்தல. ஒத்தப் பொருத்தங்கூட இல்லியாம். அந்தாளு கட்டத்தத் தொட்டுக்கூடப் பாக்கலடா தியாகு!"

"எத்தன பேருக்குப் பொருந்திச்சாம்?" என்றார் அப்பா.

"ஒருத்திக்கும் இல்ல. உள்ள போறவ எல்லாரும் அழுதுகிட்டே வெளிய வர்றாங்க."

வெயில் தாழத் தொடங்கியிருந்தது. அல்லியின் போனில் மணிலா அக்காவின் செய்தி வந்து விழுந்தது: 'காரைக்கால்? உங்கள் படம் மட்டும்தான் வரவில்லை.' இன்னொரு வருடம் அந்த ஓர் ஆள் கிளைப் பேச்சைத் தாங்க அவளால் முடியாது. அதைவிட, அந்த இரண்டு பையன்கள். அவர்களை ஆளுக்கொரு திசைக்கு அனுப்பிவிடுவார்கள். தாவணியை, மன்னிக்கவும், சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் இழுத்துக் கட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடந்தாள்.

ஜோசியர் அறைக்குள் அவள் நுழைந்ததும், அவர் காதில் இருந்த ஒயரைப் பிடுங்கிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார். பஞ்சாங்கம் மூடியபடி கிடந்தது, அதன் மேல் மூக்குக்கண்ணாடி. கண்ணிரண்டும் சிவந்திருந்தன. பாவம், காலையிலிருந்து கட்டம் பார்த்துப் பார்த்துச் சிவந்துவிட்டது என்று அல்லி நினைத்துக்கொண்டாள்.

"ஐயா, ஒரு ஒதவி. யாராவது நாலு பேருக்காச்சும் பொருந்துதுன்னு சொல்லுங்களேன். சாயங்காலம் வரைக்கும் போதும்."

"யாருக்கு?"

"யாருக்கு வேணாலும்."

"அந்த ரெண்டு பேருக்கும், வேற வேற பொண்ணுங்களோட?" அவர் முகம் வேப்பெண்ணெய் குடித்ததுபோல் ஆனது. "எந்நாக்கால அதச் சொல்ல மாட்டேன்."

"அவங்க பொறந்த நேரம் வேணும்னா சரியா இன்னொரு தடவ..."

"வேணாம். எனக்குத் தெரியும்."

"ஐயா, நீங்க இல்லன்னா இல்லன்னு அனுப்பிட்டே இருந்தா, கொட்டகையில ஒரு ஆளு நிக்க மாட்டாங்க. பேனருக்குக் கீழ எனக்குப் பத்துப் பேரு வேணும். வெளிச்சம் இருக்கறப்பவே ஒரு ஃபோட்டோ எடுக்கணும்."

அவர் நிமிர்ந்தார். "பத்துப் பேரு? ஃபோட்டோவா?"

"ஆமாங்கய்யா."

ஜோசியர் கொஞ்ச நேரம் அவளையே உற்றுப் பார்த்தார். பிறகு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீ போம்மா" என்றார்.

கல் நெஞ்சுக்காரர் என்று திட்டிக்கொண்டே திரும்பிய அல்லிக்குக் கொட்டகையில் இன்னொரு அதிர்ச்சி காத்திருந்தது. அப்பா ஏணி மேல் நின்று பேனரின் முதல் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அத்தை கீழே நின்று மேற்பார்வை பார்த்தாள்.

"ஒருத்திக்கும் பொருந்தாதவனுவளுக்கு எதுக்குடா நம்ம செவத்துல எடம்? அவுத்துடு, அவுத்துடு!"

"அப்பா, வேணாம்!"

"விடு பாப்பா. ஊரே நம்ம மேல கோவமா இருக்கு. காலையில தண்ணி விடறேன்னவ இப்ப மடைய அடைச்சுட்டாளாம்."

அல்லி ஓடிப்போய் ஏணியின் காலை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். இனி ஒளிக்க ஒன்றும் இல்லை. ஒளித்து ஒளித்துத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

"அவங்க மாப்பிள்ளைங்க இல்லப்பா! பிரான்சும் இல்ல. தாய்லாந்து. அண்ணன் தம்பியும் இல்ல. ரெண்டு பேரும் நடிகருங்க. ஒரு நாடகத்துல ஒருத்தர ஒருத்தர் விரும்புறாங்க. நெஜமாத்தான், நீங்க அம்மாவ விரும்புற மாதிரிதான். அந்தக் கதைய ஒலகம் பூரா பாக்குது. இப்ப கம்பெனி இவங்கள சேந்து நடிக்க விடமாட்டேங்குது. பிரிக்காதீங்கன்னு ஊரு ஊரா படம் அனுப்புறாங்க. நம்ம ஊருலேந்து அனுப்ப நான் ஒருத்திதான்ப்பா இருக்கேன். எனக்கு ரொம்பப் புடிச்ச கதைப்பா அது."

கடைசி வரியில் குரல் உடைந்துவிட்டது.

முதலில் வாயைத் திறந்தது அத்தை.

"அப்ப பிரான்ஸ் இல்லியா?"

"இல்ல அத்த."

"ஒரு பாஸ்போர்ட்டுகூட இல்லியா?"

"நான் மொதல்லயே நெனச்சேன்" என்றாள் அம்மா. "தம்பியப் போயி யாராச்சும் அப்படிப் பாப்பாங்களா? பொண்ணு பாக்க வந்தப்ப இவரு என்னப் பாத்த மாதிரில்ல பாக்குது அந்தப் புள்ள!"

ஏணி மேல் நின்றிருந்த அப்பாவுக்குக் காது சிவந்தது. கையில் கயிற்றோடு அந்த இரண்டு முகங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ரெண்டும் பிரியமா இருக்குதுங்க. நடுவுல கம்பெனிக்காரன் யாரு? மேல் மடைய அடைக்கிறவன் மாதிரில்ல இருக்கு இது" என்றார். அவிழ்த்த முடிச்சை மறுபடியும் போட்டார். முன்னைவிட இறுக்கமாகவே போட்டார். "எறங்கி வர்றேன் இரு. நானும் நிக்கிறேன்."

அப்பா நின்றார். அம்மா பக்கத்தில் வந்து நின்றாள். இனி இறால் சாப்பிடத் தடையில்லை என்ற சந்தோஷத்தில் இளவேனில் குதித்துக்கொண்டு வந்தாள். டீக்கடைக்காரர் அடுப்பைத் தணித்துவிட்டு வந்தார். அங்கே இருந்த நாலு பேரும், என்ன விஷயம் என்று கேட்டும் கேட்காமலும், அவர் பின்னாலேயே வந்தார்கள். அந்த நாலு பேரில் நர்சிங் பெண்ணின் அப்பாவும் ஒருவர். அவர் மட்டும், "தாய்லாந்துல நர்சு வேலை கெடைக்குமாம்மா?" என்று விசாரித்துக்கொண்டே தலை சீவினார்.

அத்தை நிற்க மாட்டேன் என்று அடம் பிடித்தாள். "ஏமாந்ததுக்கு ஃபோட்டோ வேறயா?" சரி, நீங்களே எடுங்கள் என்று அவள் கையில் போனைக் கொடுத்துவிட்டு, அல்லியும் போய் நின்றுகொண்டாள். எண்ணிப் பார்த்தாள். ஒன்பது. இன்னொரு தரம் எண்ணினாள். ஒன்பதேதான்.

"அத்த, நீங்களும் வந்துட்டா போனை ஏணியில வெச்சுக்கூட..."

"முடியாதுன்னா முடியாது."

ரோட்டில் ஒரு ஆள் இல்லை. சூரியன் மூங்கில் கொத்துக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. பேனரின் மேல் பாதி ஏற்கெனவே மங்கிவிட்டது. அல்லிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவ்வளவுக்கும் பிறகு ஒரே ஓர் ஆள் குறைகிறதே!

அப்போதுதான் தெருமுனையில் சிதம்பரநாதன் ஜோசியர் வருவது தெரிந்தது. சரிகைக்கரை வேட்டி. இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. நெற்றியில் புதுசாக இட்ட விபூதி. கல்யாண வீட்டுக்குக் கிளம்பியவர் மாதிரி விறுவிறுவென்று வந்தார்.

அத்தை போனைக் கையில் பிடித்தபடியே அவருக்கு எதிரில் போய் நின்றாள்.

"பாத்தீங்களா ஐயா இந்த அநியாயத்த? மாப்பிள்ளையும் இல்ல, ஒண்ணும் இல்லியாம். வெறும் நாடக நடிகனுங்களாம்! காலையிலேந்து பச்சத் தண்ணி குடிக்காம உக்காந்து, அத்தன பொண்ணுங்களுக்கும் பொருந்தல பொருந்தலன்னு சொன்னீங்களே, எல்லாம் வீணாப் போச்சே!"

ஜோசியர் அவளை விலக்கிக்கொண்டு நேராகப் போனார். வரிசையின் நட்டநடுவில், இரண்டு பையன்களுக்கும் கீழே, அப்பாவைக் கொஞ்சம் ஒதுங்கச் சொல்லிவிட்டு நின்றார். சட்டைக் காலரை நீவிவிட்டுக்கொண்டு, போனைப் பார்த்து நிமிர்ந்தார்.

"என்னம்மா வீணு? ஒங்க பொண்ணுங்களையெல்லாம் நான் ஒத்த ஆளா நின்னு தடுக்கலன்னா, ரெண்டாவது சீசன் எப்படி வரும்?"